தோட்டப் பட்டணத்தில் ஆரம்பப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கீழ்ப்பேராக் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் பட்டணத்தில், பிள்ளையை அனுப்பக்கூடிய தொலைவில் நான்கு ஆரம்பப் பள்ளிகள் உள்ளன. காவல் நிலையத்துக்கு எதிரே தேசியப் பள்ளி, பழைய கடைவரிசைக்குப் பின்னால் சீனப்பள்ளி, புதிய வீடமைப்புப் பகுதியில் ஒரு தமிழ்ப்பள்ளி, அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே இன்னமும் தோட்டத்து மண்ணிலேயே நிற்கும் மற்றொரு தமிழ்ப்பள்ளி. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தேன் என்பதற்காக, முதலாம் ஆண்டுப் பதிவு நடக்கும் காலத்தில் ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தால்கூட யாராவது வந்து இந்த நான்கில் எது நல்ல பள்ளி என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னவற்றையே இங்கே கேள்வியும் பதிலுமாக எழுதியிருக்கிறேன். பள்ளிகளின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இத்தகைய பள்ளிகள் கெடா, சிலாங்கூர், ஜொகூர் மாநிலங்களின் தோட்டப் பட்டணங்களிலும் ஏறக்குறைய இதே வரிசையில் இருப்பதால், அங்கே இருப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

நான்கும் அரசாங்கப் பள்ளிகள்தாமா? தமிழ்ப்பள்ளியும் சீனப்பள்ளியும் தனியார் பள்ளிகள் என்று சிலர் சொல்கிறார்களே?

நான்குமே கல்வி அமைச்சின் கீழ் இயங்கும் பள்ளிகள். 1956இல் வெளிவந்த ரசாக் அறிக்கை, வெவ்வேறு மொழிகளில் நடந்துவந்த ஆரம்பப் பள்ளிகளைப் பொதுவான ஒரு பாடத்திட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. இன்று தேசியப் பள்ளியில் மலாய்மொழியும், தேசிய வகைப் பள்ளிகளில் தமிழோ மாண்டரினோ பயிற்றுமொழியாக இருக்கின்றன. கணிதம், அறிவியல், நான்காம் ஆண்டில் தொடங்கும் வரலாறு ஆகியவற்றின் பாடத்திட்டம் எங்கும் ஒன்றுதான். ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவதும் அவர்களை இடமாற்றம் செய்வதும் அமைச்சே. ஆகவே, ஒரு பள்ளியில் நல்லாசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பிள்ளையைச் சேர்ப்பவர்கள், அவர் அடுத்த ஆண்டே வேறு மாவட்டத்துக்குப் போய்விடக்கூடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். அரசாங்கத் தேர்வு இருந்தபோது எத்தனை பேர் எல்லாப் பாடங்களிலும் 'ஏ' வாங்கினார்கள் என்று பார்த்தோம். இப்போது எதை வைத்து ஒப்பிடுவது?

அந்தத் தேர்வு கடைசியாக 2019இல் நடந்தது. 2020இல் கோவிட் பரவலால் கைவிடப்பட்டது. 2021 ஏப்ரலில் அது நிரந்தரமாக நீக்கப்படுவதாக அமைச்சு அறிவித்தது. பள்ளி வாசலில் மாணவர் படங்களோடு தொங்கிய அந்தப் பதாகைகள் இப்போது இல்லை என்பதில் பல பெற்றோருக்கு வருத்தம் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. பன்னிரண்டு பேர் தேர்வெழுதும் ஒரு பள்ளியில் ஒரே ஒரு பிள்ளையின் தேர்ச்சி, பள்ளியின் விழுக்காட்டை எட்டுப் புள்ளிகள் ஏற்றவோ இறக்கவோ செய்யும்; அத்தகைய விழுக்காட்டை நூறு பேர் எழுதும் பள்ளியின் விழுக்காட்டோடு ஒப்பிட்டு ஊரே பேசிக்கொண்டிருந்தது.

இப்போது வகுப்புசார் மதிப்பீடு நடக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் அடைவு 1 முதல் 6 வரையிலான நிலைகளில் குறிக்கப்படுகிறது. மூன்றாம் நிலையை எட்டிவிட்டால் அந்த ஆண்டுக்குத் தேவையான குறைந்தபட்ச அடைவைப் பெற்றுவிட்டதாகக் கொள்ளலாம். இந்த நிலையை வகுப்பாசிரியரே தம் பதிவுகளை வைத்து முடிவு செய்கிறார். தாராளமாக நிலை தரும் ஆசிரியரும் உண்டு, கஞ்சத்தனமாகத் தருபவரும் உண்டு. இதனால், ஒரே பிள்ளையின் முன்னேற்றத்தை அறிய உதவும் இந்த எண்கள், ஒரு பள்ளியை இன்னொரு பள்ளியோடு ஒப்பிட உதவுவதில்லை. நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை 2022இல் தொடங்கப்பட்ட உவாசா எனும் ஆண்டிறுதித் தேர்வு உண்டு. அதற்கான வினாக்களைத் தேர்வு வாரியம் தயாரித்தாலும் தாளைத் திருத்துவது அந்தந்தப் பள்ளி ஆசிரியர்கள்தாம்.

ஆக, எண்களால் ஒப்பிடும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. நான் பெற்றோரிடம் சொல்வது ஒன்றுதான்: ஆறாம் ஆண்டின் முடிவைப் பார்க்காமல் முதலாம் ஆண்டின் வகுப்பறையைப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை அங்கே எந்த மொழியில் பேசும், எவ்வளவு விரைவில் வாசிக்கத் தொடங்கும், வாசிக்கத் தடுமாறினால் அதை யார் கவனிப்பார் என்பவைதாம் அடுத்த ஐந்தாண்டுகளைத் தீர்மானிக்கின்றன. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதையே சுற்றி வரும்.

தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் மலாய்மொழியில் பின்தங்கிவிடுவார்கள் என்பது உண்மையா?

அதில் ஒரு பாதி உண்மை. வீட்டிலும் கோயிலிலும் பக்கத்து வீட்டிலும் தமிழே பேசி வளரும் தோட்டத்துப் பிள்ளைக்கு மலாய்மொழி காதில் விழுவதே பள்ளியில்தான். தமிழ், சீனப் பள்ளிகளுக்கான மலாய்மொழிப் பாடத்திட்டமும் தேசியப் பள்ளிக்கான பாடத்திட்டமும் தனித்தனியானவை. முன்னதில் பாடநேரமும் குறைவு. ஆறாம் ஆண்டு முடிவில் மலாய்மொழியில் போதிய அடைவைப் பெறாத மாணவர், இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்கு முன்னர் ஓராண்டு புகுமுக வகுப்பில், அதாவது பெரலிஹானில், உட்கார வேண்டியிருக்கும். நண்பர்கள் மேலே போக, தான் மட்டும் ஓராண்டு பின்தங்குவதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எளிதில் மறப்பதில்லை.

மறு பாதி, பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். ஒரே பாடத்திட்டத்தை நடத்தும் இரண்டு தமிழ்ப்பள்ளிகளில், ஒன்றின் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் தயங்காமல் பேசுவதையும் மற்றொன்றின் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் பின்வரிசையில் ஒடுங்கியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். காரணத்தைத் தேடிப் போனால் அது பெரும்பாலும் மலாய்மொழிப் பாடம் எந்த மொழியில் நடத்தப்படுகிறது என்பதில் வந்து நிற்கிறது. சில வகுப்புகளில் ஆசிரியர் மலாய் வாக்கியத்தை வாசித்து, உடனே தமிழில் பொருள் சொல்லி, பிள்ளைகளைப் பதிலை மட்டும் எழுத வைக்கிறார். பயிற்றிப் புத்தகம் நிறைந்துவிடும்; வாய் திறக்காது. வேறு சில வகுப்புகளில், பெரும்பாலும் ஆசிரியர் மலாய்க்காரராக இருக்கும் இடங்களில், பிள்ளை கழிவறைக்குப் போக அனுமதி கேட்பதைக்கூட மலாயில்தான் கேட்டாக வேண்டும். பள்ளியைப் பார்க்கப் போகும்போது இந்த ஒன்றை மட்டுமாவது விசாரியுங்கள்.

இதற்கு நேரெதிரான தொல்லையையும் சொல்ல வேண்டும். மலாய் ஒரு சொல்லும் தெரியாத பிள்ளையைத் தேசியப் பள்ளியில் சேர்த்தால் தானாகக் கற்றுக்கொள்ளும் என்பது பலருடைய நம்பிக்கை. என் அக்காள் மகனை அப்படிச் சேர்த்தார்கள். முதல் ஓராண்டு அவன் வகுப்பில் பேசவே இல்லை. நிறைந்த வகுப்பில் ஆசிரியை அவனை 'அடக்கமான பையன்' என்று எண்ணிக்கொண்டார். கணக்குத் தெரியாதவன் என்று இரண்டாம் ஆண்டில் முடிவு கட்டினார்கள். அவனுக்குக் கணக்குத் தெரியும், வினா என்ன கேட்கிறது என்பதுதான் தெரியவில்லை. பாலர் பள்ளியில் ஈராண்டு மலாய் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை வருவதில்லை. எனவே தேசியப் பள்ளி என்ற முடிவை நான்கு, ஐந்து வயதிலேயே எடுத்து, அதற்கேற்ற பாலர் பள்ளியில் சேர்ப்பது நல்லது.

தேசியப் பள்ளியில் சேர்த்தால் தமிழ் கற்க வழி உண்டா?

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி வகுப்பு நடத்தப்பட வேண்டும். சட்டம் தெளிவாக இருக்கிறது. சிறு பட்டணத்தில் அந்த 15 பேரைச் சேர்ப்பதுதான் கடினம். சேர்ந்த பிறகும் ஆசிரியர் நியமனம் ஆக வேண்டும், கால அட்டவணையில் இடம் கிடைக்க வேண்டும். தனியாகப் போய்க் கேட்டால் நடக்காது. பதிவு நாளன்றே இந்தியப் பெற்றோர் அனைவரும் ஒன்றுகூடிக் கையெழுத்திட்டு, தலைமையாசிரியரிடம் எழுத்து வடிவில் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நடக்கும் தமிழ் வகுப்பு, தமிழ்ப்பள்ளியின் தமிழுக்கு ஈடாகாது என்பதை முன்பே அறிந்திருங்கள்; எழுத்தறிமுகமும் எளிய வாசிப்பும் அதில் கிடைக்கும். பின்னாளில் இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் படிவத்தில் வரும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழித் தாளை எழுத விரும்பும் பிள்ளை, எந்த ஆரம்பப் பள்ளியிலிருந்து வந்திருந்தாலும் ஒரே தாளைத்தான் எழுத வேண்டும்.

சீனப்பள்ளியில் கண்டிப்பும் கணிதமும் சிறப்பு என்கிறார்கள். சேர்க்கலாமா?

சேர்ப்பவர்கள் அதிகரித்து வருகிறார்கள். நாடு முழுவதும் சீனப்பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சீனரல்லாதவர். கண்டிப்பு, வீட்டுப்பாடம் ஆகியவை பற்றிச் சொல்லப்படுவது பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்த வீட்டுப்பாடத்தை இரவு எட்டு மணிக்கு யார் சொல்லித் தருவார்? தாய் தந்தை இருவருக்கும் சீன எழுத்து ஒன்றும் தெரியாத வீட்டில், அதற்கு ஒரு டியூஷன் ஆசிரியரைத் தேட வேண்டும். எங்கள் அளவுள்ள ஊரில் அவர் கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் கட்டணம் மாதாமாதம் போகும். மலாய்மொழி அடைவு போதாவிட்டால் புகுமுக வகுப்புக்குப் போக வேண்டும் என்ற விதி சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் உண்டு. மலாய் பலவீனமாகிவிடும் என்று அஞ்சித் தமிழ்ப்பள்ளியைத் தவிர்த்துவிட்டு, அதே காரணத்துக்காகச் சீனப்பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்களைக் கண்டால் எனக்கு வியப்பாக இருக்கும்.

தோட்டத்துச் சிறிய தமிழ்ப்பள்ளியா, டவுனில் உள்ள பெரிய தமிழ்ப்பள்ளியா?

எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இது. என் மூத்த மகள் தோட்டத்துப் பள்ளியிலும் மகன் டவுன் பள்ளியிலும் படித்தார்கள்.

முதலில் அந்தச் சிறிய பள்ளி ஏன் சிறியதாயிற்று என்பதை அறிய வேண்டும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அதனால் தோட்டத்துக்குத் தோட்டம் பள்ளி எழுந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள் டவுனுக்கு இடம்பெயர்ந்தன, வெட்டுக்கும் காட்டு வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பள்ளி மட்டும் அங்கேயே நின்றது. டவுனில் உள்ள பெரிய தமிழ்ப்பள்ளிகளில் பலவும் அப்படி ஒரு தோட்டத்திலிருந்து இடம் மாற்றப்பட்டவையே. பள்ளிப் பெயரில் இன்னும் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்ற மலாய்ச் சொல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

மாணவர் எண்ணிக்கை 150க்குக் குறைவாக இருந்தால் அமைச்சு அதைக் குறைந்த மாணவர் பள்ளி என வகைப்படுத்துகிறது. 30 பேருக்கும் குறைவாகப் போகும்போது இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பறையில் உட்காரவைத்து, ஓர் ஆசிரியர் இரண்டு பாடத்தையும் நடத்தும் கூட்டு வகுப்பு வந்துவிடுகிறது. பெற்றோர் அஞ்சுவது இதைத்தான். நான் பார்த்த வரையில், ஆசிரியர் நன்கு தயாரித்து வருபவராக இருந்தால் கூட்டு வகுப்பில் பெரிய கேடில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளை தன் பயிற்சியை முடித்துவிட்டு இரண்டாம் ஆண்டுப் பாடத்தைக் காது கொடுத்துக் கேட்கும். என் மகள் அப்படித்தான் பெருக்கல் வாய்பாட்டை ஓராண்டு முன்பே மனப்பாடம் செய்தாள். ஒன்பது பேர் கொண்ட வகுப்பில் எந்தப் பிள்ளையும் ஒளிந்துகொள்ள முடியாது. வாசிக்கத் தெரியாத பிள்ளை இரண்டு வாரத்தில் அகப்பட்டுவிடும்.

சிறிய பள்ளியின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. பெரிய பள்ளியிலும் சிறிய பள்ளியிலும் அலுவல் வேலைகள் ஒரே அளவுதான். பாடநூல் கடன், விளையாட்டு, உடல்நலம், புறப்பாட நடவடிக்கை, கணினிப் பதிவு ஆகிய அனைத்துக்கும் பொறுப்பாளர் வேண்டும்; நாற்பது ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளும் வேலையை அங்கே எட்டு ஒன்பது பேர் சுமக்கிறார்கள். இருவர் பயிற்சிப் பட்டறைக்குப் போன நாளில் பள்ளியில் பாடம் நடப்பதாகச் சொல்ல முடியாது. விளையாட்டுப் போட்டிக்கு ஒரு காற்பந்துக் குழு அமைக்கக்கூட ஆள் போதாது. என் மகள் இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் மாதம், நாற்பது பேர் இருக்கும் வகுப்பின் இரைச்சலையே ஒரு பாடமாகக் கற்க வேண்டியிருந்தது.

டவுன் பள்ளியில் மகனுக்குச் சதுரங்கமும் கதை சொல்லும் போட்டியும் மேடையும் கிடைத்தன. ஆனால் அவன் எழுத்துக்கூட்டிப் படிப்பதில் தடுமாறியதை நாங்கள் கண்டுபிடித்தது இரண்டாம் ஆண்டு நடுவில். முப்பத்தைந்து பேரில் அவன் வாயசைத்துக்கொண்டு உடன் வாசிப்பதுபோல் காட்டிவிட்டான்.

எனவே, கூச்சமுள்ள பிள்ளை, மெதுவாகக் கற்கும் பிள்ளை, பாலர் பள்ளிக்கே போகாத பிள்ளை ஆகியோருக்குச் சிறிய பள்ளி நல்லது என்பது என் முடிவு. ஓடியாடித் திரியும், போட்டியில் மகிழும் பிள்ளைக்கு டவுன் பள்ளி. தொலைவையும் கணக்கிடுங்கள். குலை ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓடும் செம்மண் சாலையில் காலை ஐந்தே முக்காலுக்கு வேன் ஏறும் பிள்ளை, பத்து மணிப் பாடத்தில் தூங்கும். எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் அந்தச் சாலையில் வெள்ளமும் ஏறும். நல்ல பள்ளி என்பதற்காகத் தினமும் ஒன்றரை மணி நேரத்தைச் சாலையில் செலவழிப்பது ஏழு வயதில் பொருந்தாது.

'அரசாங்கப் பள்ளி', 'அரசாங்க உதவிபெறும் பள்ளி' என்று இரண்டு வகை சொல்கிறார்களே, அதனால் படிப்பில் வேறுபாடு உண்டா?

படிப்பில் வேறுபாடு இல்லை. ஆசிரியர் சம்பளமும் பாடநூலும் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு நிலத்தில். உதவிபெறும் பள்ளியின் நிலம் தோட்டக் கம்பெனிக்கோ ஓர் அறங்காவலர் குழுவுக்கோ சொந்தமாக இருக்கும். பள்ளி மேலாளர் வாரியம் ஒன்றும் இருக்கும். புதிய கட்டடம் கட்ட நிலச் சொந்தக்காரரின் ஒப்புதல் தேவைப்படுவதால், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த பள்ளிகள் நெடுங்காலம் அப்படியே கிடந்தன. சுறுசுறுப்பான மேலாளர் வாரியம் இருந்தால் கூடுதல் வகுப்பறையோ கணினி அறையோ நன்கொடையில் வந்துவிடும். வாரியம் பெயரளவில் மட்டும் இருந்தால் கூரை ஒழுகுவதைச் சொல்லக்கூட ஆளிருக்காது. தலைமையாசிரியரிடம் வாரியம் கடைசியாக எப்போது கூடியது என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

இருமொழித் திட்ட வகுப்பு உள்ள பள்ளி மேலானதா?

டி.எல்.பி. எனப்படும் இந்தத் திட்டம் 2016இல் வந்தது. பள்ளி விரும்பினால், தகுதிகளைப் பூர்த்தி செய்தால், பெற்றோரும் சம்மதித்தால் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தலாம். இதற்கு முன்பு 2003இல் தொடங்கி எல்லாப் பள்ளிகளிலும் அவ்விரு பாடங்களும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு, 2009இல் அதைக் கைவிடும் முடிவு எடுக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். தமிழ்ப்பள்ளிகளில் இத்திட்டம் வந்தபோது, தமிழில் நடக்கும் பாடங்கள் குறைந்துவிட்டால் அது என்ன தமிழ்ப்பள்ளி என்ற எதிர்ப்பு கிளம்பியது. என் பார்வையில் அந்த எதிர்ப்பு நியாயமானது. வீட்டில் ஆங்கிலம் புழங்கும் நகரத்துக் குடும்பத்துக்கு அது ஒரு வாய்ப்பு. ஆங்கிலம் மூன்றாம் மொழியாக இருக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு, முதலாம் ஆண்டில் பின்னமும் ஆங்கிலமும் ஒரே நேரத்தில் புரியாமல் போகும் அபாயம் உண்டு. இத்திட்டம் இருப்பதை மட்டும் வைத்து ஒரு பள்ளியை உயர்ந்ததாகக் கொள்ள வேண்டாம்.

எந்தப் பள்ளியில் செலவு குறைவு?

கட்டணம் எங்கும் இல்லை. பாடநூல்கள் இரவலாகத் தரப்படுகின்றன. பள்ளி தொடங்கும் காலத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகையும் கிடைக்கிறது. வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கூடுதல் உணவுத் திட்டத்தின் கீழ் பள்ளியிலேயே உணவு உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்பது நன்கொடை. அதைக் கட்டாவிட்டால் பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று எந்தப் பள்ளியும் சொல்லக்கூடாது. உண்மையான செலவு வேன், பயிற்றிப் புத்தகங்கள், டியூஷன் ஆகிய மூன்றில்தான் வருகிறது. தோட்டத்துப் பள்ளிக்கு நடந்தே போகும் பிள்ளைக்கு முதலாவது இல்லை. சீனப்பள்ளிப் பிள்ளைக்கு மூன்றாவது நிச்சயம் உண்டு.

பிள்ளை மெதுவாகக் கற்கிறான். சிறப்புக் கல்வி வகுப்பு எங்கே இருக்கிறது?

இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. எழுத்திலும் எண்ணிலும் மட்டும் பின்தங்கும் தொடக்க ஆண்டுப் பிள்ளைகளுக்குக் குறைநீக்கல் வகுப்பு உண்டு. பிள்ளை தன் வகுப்பிலேயே இருந்துகொண்டு சில பாடவேளைகளில் மட்டும் அங்கே போய்வரும். மருத்துவரால் உறுதிசெய்யப்பட்ட கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்புத் திட்டம் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. எங்கள் ஊரில் அது தேசியப் பள்ளியில் மட்டுமே இருக்கிறது. சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019இலிருந்து நடப்பில் உள்ளது. ஆகவே 'இங்கே முடியாது, வேறு இடம் பாருங்கள்' என்று வாய்மொழியாகச் சொன்னால், மாவட்டக் கல்வி இலாகாவின் சிறப்புக் கல்வி அதிகாரியை நேரில் பாருங்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்று மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாண்டு கழித்து அதே பரிசோதனைக்குத்தான் போகிறார்கள்.

பள்ளியை நேரில் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

கட்டடத்தின் சாயத்தையும் கோப்பை அலமாரியையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அலமாரியில் இருக்கும் கோப்பைகளின் ஆண்டைப் பார்த்தால், பல பள்ளிகளில் அவை பத்தாண்டுக்கு முந்தியவையாக இருக்கும்.

முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிட்டு, பள்ளி நடக்கும் நாளில், ஓய்வு நேரத்துக்குச் சற்று முன்னர் போங்கள். முதலாம் ஆண்டு வகுப்பின் வாசலில் ஐந்து நிமிடம் நின்றால், ஆசிரியர் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறாரா, பிள்ளைகளும் பேசுகிறார்களா என்பது தெரிந்துவிடும். ஓய்வு மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலையில் பிள்ளைகள் எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று கேளுங்கள். அதுதான் உங்கள் பிள்ளை ஆறாண்டு பேசப்போகும் மொழி. நூலகத்தின் கதவு திறந்திருக்கிறதா, இரவல் ஏட்டில் கடைசியாக எந்த நாளில் பதிவு இருக்கிறது என்று பாருங்கள். கழிவறையையும் பாருங்கள், அசுத்தமான கழிவறைக்கு அஞ்சி நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு.

தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாம் ஆண்டில் நுழையும்போது வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர், அவர்களில் மூன்றாம் ஆண்டு முடிவில் இன்னும் வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர்? இதற்கு ஏட்டைப் புரட்டி எண்ணிக்கை சொல்பவர் தம் பள்ளியை அறிந்தவர். 'எங்கள் பிள்ளைகள் எல்லோரும் கெட்டிக்காரர்கள்' என்று பதில் வந்தால் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து, சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் புகுமுக வகுப்புக்குப் போனார்கள் என்று கேளுங்கள். சொல்லத் தயங்குவார்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் காத்திருக்கும் தாய்மாரிடம் கேட்டால் கிடைத்துவிடும்.

பதிவை எப்போது, எப்படிச் செய்வது? பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் இருந்தால்?

பிள்ளைக்கு ஐந்து, ஆறு வயது நடக்கும்போதே அமைச்சின் ஐடிமீ இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இணையம் தெரியாதவர்களுக்குப் பக்கத்துப் பள்ளி அலுவலகத்தில் உதவி செய்வார்கள். ஆரம்பக் கல்வி 2003 முதல் கட்டாயம். பிள்ளையைச் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பெற்றோரின் திருமணப் பதிவு இல்லாததால் பிள்ளையின் பத்திரம் முழுமையடையாத குடும்பங்கள் தோட்டப்புறத்தில் இன்றும் இருக்கின்றன. தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருந்தால், பத்திர வேலை நடக்கும்போதே பள்ளியில் சேர்க்க 2019 முதல் வழி தளர்த்தப்பட்டிருக்கிறது. கையில் இருக்கும் எந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் தேசியப் பதிவிலாகாவுக்கும் ஒரே வாரத்தில் போய்விடுங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்று என்று காத்திருந்தால் ஆண்டு போய்விடும்.

தமிழ்ப்பள்ளிகளை மூடிவிடுவார்கள் என்கிறார்கள். அப்படியிருக்க ஏன் சேர்க்க வேண்டும்?

தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் இந்த நாட்டில் தமிழ்க்கல்விக்கு இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. சட்டத்தால் மூடப்படும் என்ற அச்சம் தேவையில்லை. ஆளில்லாமல் போவதுதான் கவலை. எங்கள் தோட்டத்துப் பள்ளியில் ஒரு குடும்பம் குறைந்தாலும் அது வகுப்பறையில் தெரிகிறது. ஆனால் பள்ளியைக் காப்பாற்றுவதற்காக உங்கள் பிள்ளையைச் சேருங்கள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. பிள்ளைக்குப் பொருந்தினால் சேருங்கள் என்றுதான் சொல்வேன். பெரும்பாலான தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, புரியும் மொழியில் முதல் மூன்றாண்டு படிப்பது பொருந்தவே செய்கிறது.

சேர்த்த பிறகு பொருந்தவில்லை என்றால் மாற்றலாமா?

மாற்றலாம். இடமிருந்தால் மாவட்டக் கல்வி இலாகா தடுக்காது. பயிற்றுமொழி மாறும் மாற்றத்தை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் செய்துவிடுங்கள். நான்காம் ஆண்டில் வரலாறும் நீண்ட கட்டுரைகளும் வந்த பிறகு மொழி மாறும் பிள்ளை மிகவும் திணறும்.

அண்ணனை ஒரு பள்ளியிலும் தங்கையை வேறு பள்ளியிலும் சேர்த்தால் மனத்தாங்கல் வராதா?

என் வீட்டில் வந்தது. விளையாட்டுப் போட்டி நாளில் மகள், 'தம்பி பள்ளியில் மட்டும் ஏன் இத்தனை கூடாரம்?' என்று கேட்டாள். மகனோ, அக்காளின் பிறந்தநாளுக்குப் பள்ளி முழுவதும் பாட்டுப் பாடியதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினான். இரண்டு பள்ளி என்றால் பெற்றோருக்கு இரண்டு வேன்காரர், இரண்டு கூட்டம், ஒரே நாளில் மோதும் இரண்டு பரிசளிப்பு விழா. முடிந்தால் ஒரே பள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டாவது பிள்ளை முதல் பிள்ளையிலிருந்து மிகவும் வேறுபட்டதாக இருந்தால், அண்ணன் அங்கே படிக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காகத் தங்கையை அனுப்பாமல், மறுபடியும் ஒருமுறை முதலாம் ஆண்டு வகுப்பின் வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். ஐந்தாண்டுக்கு முன் பார்த்த ஆசிரியர் இப்போது அங்கே இருக்கமாட்டார்.